எண்ணெய் கிடைத்த ஆண்டும் பணம் வந்த ஆண்டும்: சவூதி அரேபியா குறித்த கேள்வி பதில்

சவூதி அரேபியாவை எண்ணெய் எப்படி மாற்றியது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. அங்கே பாலைவனத்தில் கோதுமை விளைவித்ததைச் சாதனை என்று நான் சொல்வதில்லை, அதை எதிர்த்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். துபாய், குவைத் பற்றிக் கேட்டவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் பொருளாதாரம் வேறு, இதோடு சேர்த்துப் பேசினால் இரண்டுமே குழம்பிவிடும்.

கேள்வி (கல்லூரி மாணவி): எண்ணெய்க்கு முன் அந்த அரசுக்கு எதிலிருந்து வருமானம் வந்தது?

பேரீச்சை, ஆடு, ஒட்டகம், கிழக்குக் கரையில் முத்துக்குளிப்பு எல்லாம் இருந்தன. ஆனால் அரசின் கையில் ரொக்கமாக வந்தது பெரும்பாலும் ஹஜ் பயணிகளிடமிருந்துதான். 1920களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 1,00,000 பேர் வந்தார்கள். உலகப் பெருமந்தம் வந்ததும் 1933-இல் அது 20,000 அளவுக்குச் சரிந்தது. முத்து வியாபாரத்தை ஜப்பானின் வளர்ப்பு முத்து அடித்துவிட்டது.

மன்னர் இப்னு சவூத் கடனில் இருந்த அந்த நேரத்தில், 1933 மே 29 அன்று, கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் தவணை 35,000 தங்கப் பவுன். அமெரிக்கா அப்போது தங்க ஏற்றுமதியைத் தடுத்திருந்ததால் லண்டனில் வாங்கிக் கப்பலில் ஜித்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே டச்சு வங்கியில், நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் பார்த்துக்கொண்டிருக்க, மேசைமேல் வைத்து ஒவ்வொரு காசாக எண்ணினார்கள். எண்ணெய் கிடைத்தால் டன்னுக்கு நான்கு ஷில்லிங் தங்கம் ராயல்டி. தேவையில் இருந்தவர் போட்ட ஒப்பந்தம் அது. பின்னால் வந்த பேரங்கள் எல்லாம் இந்த நான்கு ஷில்லிங்கை மாற்றுவதற்காக நடந்தவை.

கேள்வி: 1938-இல் எண்ணெய் கிடைத்தவுடன் நாடு பணக்கார நாடாகிவிட்டது, சரிதானே?

இல்லை. இந்தப் பிழை எல்லா இடத்திலும் வருகிறது. கிழக்குக் கரையில் உள்ள தம்மாமில் தோண்டிய முதல் ஆறு கிணறுகளும் வணிகத்துக்குத் தேறவில்லை. ஏழாவதை சுமார் 1,440 மீட்டர் வரை இறக்கிய பிறகுதான், 1938 மார்ச்சில், எண்ணெய் தாராளமாக வந்தது. முதல் எண்ணெய்க் கப்பல் ராஸ் தனூரா துறைமுகத்திலிருந்து 1939 மே 1 அன்று புறப்பட்டது. நான்கே மாதத்தில் உலகப்போர். ஹஜ் வருமானமும் படுத்தது. பிரிட்டன், அமெரிக்கா கொடுத்த உதவியில்தான் அரசு ஓடியது.

பெரிய பணம் போருக்குப் பின்னர். 1950 டிசம்பரில், அந்த ஒப்பந்தத்தை நடத்திவந்த அமெரிக்கக் கம்பெனியான அராம்கோவோடு லாபத்தில் பாதிப் பாதி என்று முடிவானது. கம்பெனி ஏன் ஒப்புக்கொண்டது என்றால், சவூதிக்குக் கட்டிய வரியை அமெரிக்காவில் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. அதாவது அந்தச் சுமையின் பெரும்பங்கை ஏற்றது அமெரிக்கக் கருவூலம். அராம்கோவில் சவூதி அரசு 1973-இல் 25 சதவீதம், 1974-இல் 60, 1980-இல் முழுவதும் என்று வாங்கியது. எண்ணெய் கிடைத்த ஆண்டு, பணம் வந்த ஆண்டு, பிடி கைக்கு வந்த ஆண்டு மூன்றும் வேறு வேறு. ஆண்டைச் சொல்லாமல் வாதம் செய்யாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் எப்போது தீரும்?

அறிவிக்கப்பட்ட இருப்பு சுமார் 26,000 கோடி பீப்பாய். நாளுக்கு ஒரு கோடி பீப்பாய் என்று வைத்தால் 70 ஆண்டுகள். விலை, தொழில்நுட்பம், தேவை மாறினால் இந்தக் கணக்கும் மாறும்.

கேள்வி (ஜுபைல் ஊழியர்): ஜுபைலில் இவ்வளவு பெரிய ஆலை நகரம் எப்படி வந்தது?

எண்ணெயோடு மேலே வரும் எரிவாயுவைப் பல ஆண்டுகள் கிணற்றடியிலேயே கொளுத்திவிட்டார்கள். அதைச் சேகரித்து, ஈத்தேனைப் பிரித்து, எத்திலீனாக்கிப் பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்வதுதான் திட்டம். 1975-இல் கிழக்குக் கரையில் ஜுபைல், செங்கடல் கரையில் யான்பு என்ற இரண்டு ஆலை நகரங்களுக்கும் ராயல் கமிஷன் என்ற அரசு அமைப்பு, 1976-இல் சாபிக் என்ற அரசு ரசாயனக் கம்பெனி. எண்ணெய்ப் பணத்தில் செய்தவற்றில் நிலைத்து நின்றது இது.

கேள்வி: பாலைவனத்தில் கோதுமை விளைவித்து ஏற்றுமதியும் செய்தார்களே, அதை ஏன் சாதனை என்று சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

விளைச்சல் உண்மை. 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னைத் தொட்டது. முறையைப் பாருங்கள். வயலின் நடுவில் ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் ஓர் அச்சு, அதிலிருந்து சுமார் 400 மீட்டர் நீளக் குழாய்க் கை. சக்கரத்தில் சுற்றியபடி நீர் தெளிக்கும், ஒரு வட்டம் ஏறக்குறைய 50 ஹெக்டேர். தொடக்கத்தில் அரசு டன்னுக்கு 3,500 ரியால் கொடுத்து வாங்கியது. உலகச் சந்தை விலையைப்போல் பல மடங்கு.

நீர்தான் விஷயம். டன்னுக்கு 1,000 கன மீட்டர் என்று குறைத்தே போட்டாலும் 40 லட்சம் டன்னுக்கு 400 கோடி கன மீட்டர். அது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மழை பெய்த காலத்தில் தேங்கிய நிலத்தடி நீர். இப்போது ஆண்டு மழை சராசரி 100 மில்லிமீட்டர் அளவு, எடுத்ததை அது நிரப்பாது.

அதே வாசகர்: 1973-இல் சவூதி எண்ணெயை நிறுத்திய பிறகு, பதிலுக்கு உணவை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டல் இருந்ததே? பசியோடு இருக்கச் சொல்கிறீர்களா?

அந்தப் பயம் நியாயமானது, ஏற்கிறேன். பயத்துக்கு மருந்து சேமிப்புக் கிடங்கு. சொந்தத் தேவைக்கு விளைவித்திருந்தால்கூட வாதத்துக்கு இடமுண்டு. ஏற்றுமதி செய்த ஒவ்வொரு டன்னும் திரும்பக் கிடைக்காத நீரைக் கப்பலில் ஏற்றி அனுப்பியதுதான்.

வேறொருவர்: கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைப்பது என்று 2008-இல் முடிவெடுத்து 2016-இல் அரசுக் கொள்முதலையே நிறுத்திவிட்டார்களே, பிரச்சினை முடிந்ததல்லவா?

முடியவில்லை. விவசாயிகள் பலர் பால் பண்ணைகளுக்கான குதிரைமசால் தீவனத்துக்கு மாறினார்கள். கோதுமைக்குக் குளிர்கால மாதங்களில்தான் நீர் வேண்டும். குதிரைமசாலை அறுக்க அறுக்கத் துளிர்க்கும், கோடையிலும் நீர் கேட்கும். நீர்ச் செலவு குறையாமல் கூடியது, பிறகு அதற்கும் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று.

கேள்வி: எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும், எப்போது தீரும்?

எப்போது தீரும் என்பதற்குப் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி (ரியாத்): வரியில்லாத நாடு என்றுதானே வந்தோம்?

வருமானவரி சம்பளத்துக்கு இன்றும் இல்லை. ஆனால் எண்ணெய் விலை 2014-இல் சரிந்த பிறகு கணக்கு மாறியது. வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி 2018-இல் 5 சதவீதம், 2020 ஜூலையில் 15. வெளிநாட்டு ஊழியர்கள் உடன் வைத்திருக்கும் குடும்பத்தினருக்கான கட்டணம் 2017-இல் ஆளுக்கு மாதம் 100 ரியால், 2020-இல் 400. மனைவி, இரு குழந்தைகள் என்றால் ஆண்டுக்கு 14,400 ரியால். வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது சம்பளத்திலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: கஃபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) வேறு வேலைக்கு ட்ரான்ஸ்ஃபர் தர மறுக்கிறார், என்ன செய்வது?

தனிப்பட்ட வழக்குகளுக்கு இங்கே பதில் சொல்வது சரியாகாது. 2021 மார்ச்சில் வந்த மாற்றம் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. வீட்டு வேலையாட்கள், வீட்டு டிரைவர்கள் அதில் இல்லை. கிவா என்ற அரசின் தொழிலாளர் இணையதளத்திலும் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவிலும் கேளுங்கள்.

கோதுமை வாசகர், மறுபடி: நிலத்தடி நீர் போனால் போகட்டும், கடல்நீரைச் சுத்திகரிக்கலாமே?

குடிநீருக்காக அதைச் செய்கிறார்கள். ஜுபைலில் சுத்திகரித்த நீரை 400 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் தள்ளி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ள ரியாத்துக்கு ஏற்றுகிறார்கள். சுத்திகரிக்கவும் ஏற்றவும் எரிவது பெரும்பாலும் அதே எண்ணெயும் எரிவாயுவும். அந்த நீரில் குளிக்கலாம், சமைக்கலாம். கோதுமை வயலுக்குப் பாய்ச்சினால் கட்டாது.