வென்ற பிறகு எதிரி என்ன ஆனான்?

அன்புள்ள சார்,

சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஹெச்.எம். மேடம் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். பாராட்டுரை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது, அது என் தலையில் விழுந்தது. ‘ஓவர்கம்’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப வந்ததால் தெசாரஸைப் பார்த்து மாற்றி மாற்றிப் போட்டேன். 2015 வெள்ளத்தை மேடம் ‘வான்க்விஷ்’ செய்தார், மேடைக்கூச்சத்தை ‘சப்ஜுகேட்’ செய்தார், சர்க்கரை நோயைக் ‘கான்கர்’ செய்தார், புதுக் கட்டடத்துக்கு அனுமதி தராமல் இழுத்தடித்த அதிகாரியை ‘பிரிவெய்ல் ஓவர்’ செய்தார், எங்கள் த்ரோபால் அணி பக்கத்துப் பள்ளியை ‘வின்’ செய்தது. படித்துப் பார்த்த சக ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாவற்றுக்கும் ‘வெல்’ என்றுதானே அகராதி சொல்கிறது? எதைப் போட்டால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகராதி பொய் சொல்லவில்லை, யார் ஜெயித்தது என்பதோடு நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். இந்தச் சொற்களுக்குள் இருக்கிற வித்தியாசமெல்லாம் அதற்கு அப்புறம் தோற்றவன் கதி என்ன என்பதில் இருக்கிறது. செத்தானா, கைக்கு வந்தானா, காலடியில் கிடக்கிறானா, இருந்த இடத்திலேயே இருக்க நாம்தான் தாண்டி வந்துவிட்டோமா? இதைக் கேட்டுக்கொண்டால் தெசாரஸ் தேவைப்படாது.

‘கான்கர்’ செய்தால் எதிரே இருந்தது நம் கைக்கு வந்துவிட வேண்டும். லத்தீனில் இதன் வேர் தேடுவது, தேடிப் பெறுவது என்ற பொருளில் இருக்கிறது, கேள்வி என்கிற ‘குவெஸ்சன்’ கூட அதே வேரில் வந்ததுதான். நம் ராஜாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலாம் பராந்தகன் ‘மதுரை கொண்ட கோப்பரகேசரி’, ராஜேந்திரன் ‘கங்கையும் கடாரமும் கொண்ட’ சோழன். வென்ற என்று போட்டுக்கொள்ளவில்லை பாருங்கள், கொண்ட. ராஜேந்திரன் கடாரத்தை எவ்வளவு காலம் கையில் வைத்திருந்தான் என்று கேட்டால் மெய்க்கீர்த்தி எழுதியவருக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம். பயத்தைக் கான்கர் செய்தேன் என்றும் ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்கிறார்கள், அங்கே கைக்கு வருவது நம் மனசு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரையை யாரும் கைப்பற்றியதில்லை. மேடம் இன்றைக்கும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதானே பள்ளிக்கு வருகிறார்? சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது என்று ஊரே சொல்கிற அந்த ‘கன்ட்ரோல்’தான் அங்கே சரியான சொல். எதிரி உயிரோடு இருக்கிறான், கட்டுக்குள் இருக்கிறான். ‘சப்டியூ’வும் கிட்டத்தட்ட இதே பொருள்தான், ஆனால் அதில் திமிறுகிறவனை அமுக்கிப் பிடித்த வாசனை அடிக்கும், போலீஸ் செய்திக்குப் பொருந்தும்.

‘சப்ஜுகேட்’ இன்னும் மோசம். அதற்குள் ஒரு நுகத்தடி இருக்கிறது, நிஜமான நுகத்தடி. கி.மு. 321இல் இத்தாலியின் மலைநாட்டுக்காரர்களான சாம்னைட்டுகள் ஒரு மலைக் கணவாயில் ரோமானியப் படையை மடக்கிவிட்டார்கள். கொல்லவில்லை. ஈட்டிகளை நுகம் மாதிரி நிறுத்தி, ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குக் கீழே ஒவ்வொருவனாகக் குனிந்து போக வைத்தார்கள். இந்தச் சொல் நாடுகளுக்கும் மக்களுக்கும் உரியது, அதுவும் பெரும்பாலும் செய்தவனைத் திட்டும்போதுதான் எடுப்பார்கள். பாவம், மேடைக்கூச்சம் என்ன செய்தது? அங்கே நீங்கள் முதலில் போட்டிருந்த ‘ஓவர்கம்’தான் சரி. கூச்சம் எங்கேயும் போயிருக்காது, மைக்கைத் தொடும்போது இன்னும் கை லேசாக நடுங்கும், மேடம் அதைத் தாண்டிப் பேசிவிடுகிறார். பழந்தமிழில் ‘கட’ என்பதற்கே போரில் வெல்வது என்றும் பொருள் உண்டு. பாரியின் பறம்பை முற்றுகையிட்ட மூவேந்தரின் படையைக் கபிலர் புறநானூற்றில் ‘கடந்து அடு தானை’ என்கிறார், அப்புறம் அதே பாட்டில் பறம்பு ‘கொளற்கு அரிதே’ என்று சொல்லிவிடுகிறார். கடக்கத் தெரிந்த படைதான், ஆனாலும் கொள்ள முடியாது. உங்கள் அகராதி ஒன்றாகக் கட்டிவைத்த இரண்டையும் கபிலர் அடுத்தடுத்த அடிகளில் பிரித்துவிட்டார்.

‘ஓவர்கம்’மில் ஒரு வம்பு உண்டு. செயப்பாட்டு வினையாகப் போட்டால் தலைகீழாகிவிடும். மேடம் ‘வாஸ் ஓவர்கம்’ என்று எழுதினால் துக்கமோ புகையோ மேலிட்டு அவர்தான் சாய்ந்துவிட்டார் என்று பொருள். ‘சர்மவுன்ட்’ இதற்குத் தம்பி, ஏறித் தாண்டுவது, தடைகளுக்கு மட்டும்.

சரி, த்ரோபால். இதை நம் ஊரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர்கூடத் தப்பாகச் சொல்வார், ஏனென்றால் தமிழில் ‘ஆட்டத்தை வென்றது’, ‘எதிரணியை வென்றது’ இரண்டும் சரி. ஆங்கிலத்தில் ‘வின்’ செய்வது ஆட்டத்தையோ கோப்பையையோதான். எதிரணி என்றால் ‘பீட்’ அல்லது ‘டிஃபீட்’. பக்கத்துப் பள்ளியை ‘வின்’ செய்தோம் என்றால் ஏதோ பரிசுச்சீட்டில் அந்தப் பள்ளியே உங்களுக்கு விழுந்த மாதிரி இருக்கிறது, உங்கள் நண்பர் அதிகம் சிரித்தது இங்கேதான் இருக்கும்.

1999 ஜனவரி கடைசியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? பாகிஸ்தான் வைத்த இலக்கு 271. 82க்கு 5 விக்கெட் போய்விட்டது, மோங்கியாவை வைத்துக்கொண்டு சச்சின் இழுத்துக்கொண்டு வந்தார், முதுகுவலி அவரை நிற்கவிடவில்லை. அந்த வலியை அவர் ‘ஓவர்கம்’ செய்தார் என்று தாராளமாக எழுதலாம், 136 ரன் அடித்தாரே. 254இல் அவர் அவுட், மிச்சமிருந்த 3 விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போயிற்று, 12 ரன்னில் தோல்வி. பாகிஸ்தான் இந்தியாவை ‘பீட்’ செய்தது, ‘டிஃபீட்’ என்றாலும் சரி, ‘ரவுட்’ என்றால் பொய். ரவுட் என்றால் எதிரணி சிதறி ஓட வேண்டும், நாம் புறங்காட்டி ஓடுவது என்று சொல்கிறோமே, அது. ‘வான்க்விஷ்’ என்றும் எழுதக் கூடாது. அந்தச் சொல்லில் எதிரி இனி எழ மாட்டான், கதை முடிந்தது, கொஞ்சம் காவிய வாடையும் வரும். சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியதே, அதற்கு மட்டும் இந்தச் சொற்களில் எதுவும் பொருந்தவில்லை.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் வான்க்விஷ் செய்யவில்லை, அடையாறு தானாக வடிந்தது. இங்கே எதிரியே கிடையாது என்பதால் எந்த ‘வெல்’லும் வேண்டாம். மேடம் அன்று என்ன செய்தார் என்று எழுதுங்கள். அட்மிஷன் ரிஜிஸ்டரையும் டி.சி. புத்தகத்தையும் மாடிக்கு ஏற்றினாரா, சேறு அள்ள அவரே இறங்கினாரா, எத்தனை நாளில் பள்ளியைத் திறந்தார்? உங்களிடம் விவரம் இருக்கும், அது போதும். வினைச்சொல் தேடி அலைகிற நேரமெல்லாம் பெரும்பாலும் விவரம் எழுதச் சோம்பல்பட்ட நேரம்தான், பள்ளி ஆண்டறிக்கைகளைப் படித்தால் தெரியும்.

அந்த அதிகாரி விஷயம்தான் ஆபத்து, விழாவுக்கு அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும் உட்காருவார். ‘பிரிவெய்ல் ஓவர்’ என்றால் மேடம் பக்கம் ஜெயித்து அவர் பக்கம் தோற்றது, கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. ஓவரை எடுத்துவிட்டு ‘அப்பான்’ போடுங்கள், எடுத்துச் சொல்லி இணங்க வைத்தார் என்று ஆகிவிடும். யாரும் தோற்கவில்லை, கட்டடமும் வந்தது, அதிகாரியும் கை தட்டுவார்.