மாசச் சம்பளம் இல்லாத வீட்ல மளிகைச் செலவை எப்படிக் குறைக்கிறது?

நீங்க கேட்டதுல ஒரு வரி எனக்கு அப்படியே எங்க வீட்டைப் பாத்த மாதிரி இருந்துச்சு. "மாசம் ஒண்ணாந்தேதி லிஸ்ட் போட்டு வாங்குங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்களுக்கு ஒண்ணாந்தேதின்னு ஒண்ணு இல்லையே"ன்னு எழுதியிருக்கீங்க. எங்களுக்கும் இல்ல. நான் ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடம், வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். இங்க படகு திங்கள், புதன், சனின்னு வாரத்துக்கு மூணு நாள்தான் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில கரைக்கு வந்து மீனைப் போட்டு டீசல் ஐஸ் செலவெல்லாம் கழிச்சுத்தான் பங்கு. பாடு, அதான் வலையில கெடைக்கிற மீன், நல்லா இருந்தா ரெண்டாயிரம் மூவாயிரம் கைக்கு வரும், இல்லைன்னா டீ செலவுக்குக்கூட வராது. காத்து அடிச்சா அதுவும் கெடையாது.

அதனால எங்க வீடு பூரா அண்ணாச்சி கடைப் பற்றுலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கால் கிலோ பருப்பு, நூறு சீனி, 30 ரூபாய்க்கு எண்ணெய், எல்லாம் நோட்டுல எழுதிட்டு பணம் வர்ற அன்னைக்குக் குடுக்கிறது. மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு மாசம் நானும் வீட்ல ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். அந்த மாசம் கடைக்கு 74 தடவை போயிருக்கோம்! பருப்பு கால் கிலோ 45 ரூபாய்னு வாங்கியிருக்கேன், அப்போ கிலோ 180 ஆச்சு, அதே பருப்பு ராமநாதபுரம் மொத்தக் கடையில 150. அண்ணாச்சி மேல தப்பு இல்ல, அவரும் கடனுக்குக் குடுக்கிறாரு, அவர் பணமும் முடங்குதுல்ல. ஆனா பற்று இருக்கிற வரைக்கும் வேற கடைக்குப் போக நமக்கே மனசு வராது, விலையும் கேக்க முடியாது, அதுதான் உண்மையான செலவு.

அதுல இருந்து எப்படி வெளிய வந்தேன்னா, மொத்தமா எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்கப் பாக்கல, அது நம்மளால முடியாது. நல்ல பாடு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு சாமான், அதை மட்டும் மொத்தமா வாங்கிடுவேன். மொத தடவை பருப்பு அஞ்சு கிலோ. அப்புறம் பத்து நாள் கழிச்சு எண்ணெய். அப்புறம் சீனி. ஒரு சாமான் வீட்டுக்கு வந்துட்டா அது பற்று நோட்டுல இருந்து போயிடும், அடுத்த வாரம் குடுக்க வேண்டிய பாக்கி கொஞ்சம் கொறையும், அந்தக் கொறஞ்ச காசு அடுத்த சாமானுக்கு. எனக்கு ஏழு மாசம் ஆச்சு நோட்டை மூட.

ரேஷனை விட்டுடாதீங்க. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், இந்த விலைக்கு எந்த மொத்தக் கடையும் தர முடியாது. நிறைய பேர் ரேஷன் அரிசி இட்லிக்கு மட்டும்தான்னு நெனைக்கிறாங்க, பழைய அரிசியா வந்தா நல்லாக் களைஞ்சு ஊற வச்சு வடிச்சா சோத்துக்கும் நல்லாவே இருக்கு.

பாக்கெட் வாங்கும்போது விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க. எங்க அத்தை எப்பவும் அதே மஞ்சக் கலர் எண்ணெய் பாக்கெட்டைத்தான் வாங்குவாங்க, ஒரு நாள் டின்ல ஊத்தும்போது வழக்கமா நிக்கிற கோடு வரைக்கும் வரல. ஒழுகுதோன்னு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் கண்ணாடியப் போட்டு வாசிச்சா 850 கிராம்னு போட்டிருக்கு. ஒரு லிட்டர் எண்ணெய்னா 910 கிராம் இருக்கணும். பாக்கெட் பாக்க அதே சைஸ்தான். இப்ப எம்ஆர்பி பக்கத்துலயே ஒரு கிராமுக்கு எவ்வளவுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், அதை வச்சு ரெண்டு பாக்கெட்டை ஒப்பிட்டாப் போதும். பெருசு வாங்கினா லாபம்னும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, ஷாம்பூ கணக்குப் போட்டுப் பாத்தா பாட்டிலை விட சாஷேதான் மலிவு.

இன்னொண்ணு, கடலோரத்துல இருக்கவங்களுக்காகச் சொல்றேன். மொத்தமா வாங்குறதுல நான் பட்ட நஷ்டம், உளுந்து பத்து கிலோ. ஐப்பசி மழையில, உப்புக்காத்து ஈரத்துல மூட்டையோட வச்சிருந்தேன், ஒரே மாசத்துல வண்டு. முறத்துல போட்டுப் பொடைக்கப் பொடைக்க மாவா உதிருது, எனக்கு அழுகையே வந்துருச்சு. இப்ப எதா இருந்தாலும் ரெண்டு நாள் மொட்டை மாடி வெயில்ல காய வச்சு, சூடு ஆறினப்புறம் மூடி இறுக்கமா இருக்கிற டின்ல வசம்புத் துண்டு போட்டு வைக்கிறேன். மழைக்கு முன்னாடி ரெண்டு மாசத் தேவைக்கு மேல எதையும் வாங்கி வைக்கிறதில்ல.

வெயில் காலத்துல மட்டும் தாராளமா வாங்கலாம், அப்பத்தான் நம்ம ஊருச் சாமான் எல்லாம் புதுசா வரும். குண்டு மிளகாய் மாசியில இருந்து வரத்து, பரமக்குடிப் பக்கம் இருந்து தெரிஞ்சவங்க மூலமா அஞ்சு கிலோ வாங்கி மல்லியோட சேத்து மில்லுல அரைச்சா எங்களுக்கு ஒரு வருசத்துக்குக் காணும், மசாலாப் பாக்கெட்டே வாங்குறதில்ல. அந்த மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அந்தக் காரமும் வாசமும் பாக்கெட்ல வராது. கருப்பட்டி சாயல்குடிப் பக்கம் சீசன்ல வாங்கணும். சூடை மீனும் நெத்திலியும் மலிவா வர்ற அன்னைக்கே நான் உப்புப் போட்டுக் காய வச்சிடுவேன், ஏன்னா ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. அந்த நேரம் வருமானமும் இல்ல, மீன் விலையும் ஏறிடும். அரசாங்கம் தர்ற 8,000 ரூபாய் நிவாரணத்தை மளிகைக்குத் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கேன், அது பிள்ளைங்க ஸ்கூல் பீஸுக்கு.

தடைக்காலத்துக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. மிளகாய் அரைச்சாச்சு, பருப்பு ரெண்டு டின் நிக்குது, கருவாடு ஒரு பெட்டி. வர்ற செவ்வாய்க்கிழமை பங்கு வந்தா கொட்டை எடுக்காத புதுப் புளி வாங்கணும், நானும் அத்தையும் உக்காந்து கொட்டை தட்டிக் கல்லுப்புப் போட்டுப் பானையில அடைச்சிடுவோம்.