கொல்கத்தாவில் மூன்று நாள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வரும் ஜனவரியில் நானும் என் கல்லூரித் தோழியும் மூன்று நாள் கொல்கத்தா போகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அவள் இருபத்தேழு இடங்களை மணிக்கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எனக்கோ ஓரிடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. இப்போதே போனில் உரசல் ஆரம்பித்துவிட்டது. அந்த ஊருக்கு அடிக்கடி போகிறவர் நீங்கள். பட்டியலில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

கே., கோவை

அன்புள்ள கே.,

முதலில் மத்தியான வேளைகளில் ஒருவரை ஒருவர் விட்டுவிடுங்கள். காலையில் சேர்ந்து சுற்றுங்கள், சாப்பிட்டதும் அவரவர் வழி, இருட்டும்போது மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு பிரிந்தால் அது மனஸ்தாபம். கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொண்டால் யாருக்கும் வருத்தமில்லை. இதற்குத் தோதான ஊர் கொல்கத்தா. வடக்கு தெற்காக ஒரு மெட்ரோ, கிழக்கு மேற்காக ஒரு மெட்ரோ, இரண்டும் எஸ்பிளனேடில் சந்திக்கின்றன. நீங்களும் அங்கேயே சந்திக்கலாம்.

முதல் நாள் விடிந்ததும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போய்விடுங்கள். ஹௌரா பாலத்தின் காலடியில், கொல்கத்தா பக்கக் கரையில் இருக்கிறது. மல்லிகை வாசத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அங்கே செண்டுமல்லியின் ராஜ்யம். ஆரஞ்சும் மஞ்சளுமாக ஆள் உயரச் சரங்களைக் கொத்துக் கொத்தாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். சுமக்கிறவரின் முகம் மட்டும் நடுவில் தெரியும். வழிவிடச் சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டே வருவார்கள், உடனே ஒதுங்கிவிட வேண்டும். நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல் வரும், நியாயம்தான். தரையெல்லாம் சேறும் மிதிபட்ட இதழும். நல்ல செருப்பு வேண்டாம்.

அங்கிருந்து படியேறிப் பாலத்தில் நடந்தே அக்கரை போங்கள். 1943-ல் திறந்த பாலம். நட்டு போல்ட் கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. உலகப் போரையும் தாங்கிய இந்த இரும்பை அரித்தது வெற்றிலை எச்சில். தொங்குகம்பிகளின் அடிப்பகுதியில் ஜனங்கள் துப்பித் துப்பி, கடைசியில் அவற்றுக்கு ஃபைபர் உறை போட வேண்டியதாயிற்று. திரும்பும்போது உங்கள் தோழி மெட்ரோவில் வரட்டும். 2024 மார்ச்சில் திறந்த சுரங்கப் பாதை அது, ஆற்றுக்கு அடியில் போகிறது. சுவரில் நீல வெளிச்சம் தெரிகிற அரைக் கிலோமீட்டர் தூரம்தான் ஆறு. ஒரு நிமிஷம்கூட ஆகாது, பட்டியலில் ஒரு டிக் விழுந்துவிடும். நீங்கள் ஹௌரா படித்துறையில் படகு ஏறி பாபு காட் வந்து இறங்குங்கள்.

பாபு காட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். இது அவர் பட்டியலில் இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டியது. வளாகத்தில் ஜாப் சார்னோக்கின் கல்லறை மண்டபம் இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகங்களில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவரை அப்படிச் சொல்லக்கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. மண்டபத்துக்குள் குனிந்து அந்தக் கருங்கல்லைப் பாருங்கள். அது நம் பல்லாவரத்துக் கல். சென்னைப் பக்கத்திலிருந்து கடல்வழியாகப் போனது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இந்தக் கல்லை ஆராய்ந்து, இந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். சென்னை விமான நிலையத்துக்குப் போகும் வழியில் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத குன்றின் பாறைக்கு ஒரு வங்காளக் கல்லறையிலிருந்து பெயர் போயிருக்கிறது!

மத்தியானம் உங்கள் தோழி விக்டோரியா மெமோரியலும் 1814-ல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகமும் பார்க்கட்டும். இரண்டுக்கும் திங்கள் விடுமுறை, நாளைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் காலேஜ் தெரு காபி ஹவுஸுக்குப் போய்விடுங்கள். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், உயரமான கூரை, பக்கத்து மேஜையில் ஓயாத அரட்டை. ஒரு காபி வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். காபி சுமார்தான். நல்ல ஃபில்டர் காபி வேண்டுமானால் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் போக வேண்டும், தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி.

சாமி சிலை செய்கிறவர்களின் பேட்டையான குமார்துலியை மட்டும் இரண்டு பேரும் ஒரு காலை முழுக்க ஒதுக்கிப் பாருங்கள். ஜனவரியில் சரஸ்வதி பூஜைச் சிலைகள் உருவாகும் நேரம். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டித்தான் உடம்பு. தலை இல்லாத வைக்கோல் சரஸ்வதிகள் சந்து முழுக்கச் சாய்ந்து நிற்கும். தலையை அச்சில் தனியாக எடுப்பார்கள், விரல்களையும் தனியாகச் செய்து கடைசியில் ஒட்டுவார்கள். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும், அவருக்குப் போட்டோ கிடைக்கும். கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

டிராம் ஏறியே தீருவது என்று திட்டம் போடாதீர்கள். 1873-ல் குதிரை இழுத்த காலத்தில் தொடங்கியது, இப்போது பெரும்பாலான தடங்கள் நின்றுவிட்டன. ஓடினால் ஏறுங்கள்.

அப்புறம் பணம். கிளம்பும்போதே இரண்டு பேரும் சம அளவில் ஒரு பொதுப் பர்ஸில் போட்டுவிடுங்கள். டீ, படகு, டாக்ஸி எல்லாம் அதிலிருந்து. பட்டியலைக் குறைக்கச் சொல்லி அவரிடம் மல்லுக்கட்டவும் வேண்டாம். நேரம் பார்க்கிற வேலை அவருடையது, ராத்திரி எங்கே சாப்பிடுவது என்பது உங்களுடையது. பிரியாணியில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்று வரும், அந்த ஊர் வழக்கம் அது. ஆளுக்கு ஒன்று வருகிறதா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.