தலைப்பகுதியின் பெயரை மட்டும் நம்பலாமா? ஜப்பானியப் பழைய மின் கிடார்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: நான்கு பிக்கப்புகளும் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்கள்) அவற்றுக்கு வரிசையாகச் சுவிட்சுகளும் கொண்ட பழைய கிடார் ஒன்று என்னிடம் இருக்கிறது. கழுத்து நுனியிலுள்ள தலைப்பகுதியில் பெயரே இல்லை. கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்று மட்டும் பொறித்திருக்கிறது. இதைச் செய்தவர் யார்?

பதில்: பெயர் இல்லாததற்காக வருந்த வேண்டாம். 1960களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் தமக்காக மட்டும் கிடார் செய்யவில்லை. ஒரே பட்டறையில் உருவான கருவிகள், இறக்குமதியாளர் கேட்ட பெயரை ஒட்டிக்கொண்டு கப்பலேறின. 1940களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டு 1967இல் கவாய் நிறுவனத்தின் கைக்கு மாறிய டெய்ஸ்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிடார்களே அமெரிக்காவில் சில்வர்டோன், கிங்ஸ்டன் போன்ற பெயர்களிலும் விற்கப்பட்டன. ஆகவே தலைப்பகுதியின் பெயர் விற்றவரைக் காட்டுமே தவிர, செய்தவரைக் காட்டாது.

செய்தவரைக் காட்டுபவை வடிவமும் உலோகப் பாகங்களும்தான். தலைப்பகுதியில் முறுக்காணிகள் ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டுமாக இருந்தால், 1960களின் பிற்பகுதி டெய்ஸ்கோவை முதலில் நினைக்கலாம். பிக்கப் மூடியின் துளைகளுக்கு அடியில் தங்க நிறத் தகடு மின்னினால் அந்த எண்ணம் வலுப்படும். ஆனால் பிக்கப், பிரிட்ஜ், முறுக்காணி போன்றவற்றைப் பல பட்டறைகள் ஒரே பாக உற்பத்தியாளரிடம் வாங்கியதால், ஒரு பாகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது தவறு. குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒரே திசையைக் காட்ட வேண்டும் என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி.

கேள்வி: கழுத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். கருவி கெட்டுவிடாதா?

பதில்: முறையாகச் செய்தால் கெடாது, மற்ற எந்தச் சோதனையையும்விட இது அதிகம் சொல்லும். முதலில் தந்திகளை முழுவதும் தளர்த்துங்கள். ஜப்பானியத் திருகுகளின் தலை பிலிப்ஸ் வகையைப் போலத் தோன்றினாலும் அது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தொழில்தர அளவு, பிலிப்ஸ் திருப்புளி அதில் ஆழமாக உட்காராமல் நழுவி, குறுக்குப் பள்ளத்தின் விளிம்பை அரைத்துவிடும். விளிம்பு சிதைந்த திருகுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது, ஏனெனில் அந்தத் திருகும் ஒரு சாட்சிதான்.

கழுத்தை எடுத்த பிறகு அதன் அடிப்பகுதியையும் உடலில் அது பொருந்தும் குழியையும் விளக்கொளியைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பென்சிலால் எழுதிய எண், மை முத்திரை, கோணத்தைச் சரிசெய்ய வைத்த மெல்லிய அட்டைத்துண்டு, பூச்சுப் படாத மரத்தின் நிறம் ஆகிய எல்லாவற்றையும் எதையும் துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். நான் திறந்த ஒரு கிடாரில், வெளியே கறுத்துப்போயிருந்த சிவப்புப் பூச்சு குழியின் ஓரத்தில் மட்டும் புதிதாகத் தெறித்த குங்குமம்போல் இருந்தது. அதன் அசல் நிறத்தை அன்றுதான் அறிந்தேன். முத்திரையில் 46 போன்ற எண் ஆண்டாக வந்தால், அது ஜப்பானியப் பேரரசர் ஆட்சிக் கணக்கான ஷோவா ஆண்டாக இருக்கலாம். அதனுடன் 1925ஐக் கூட்டினால் 1971 கிடைக்கும்.

கேள்வி: என் ஐபனெஸ் கிடாரின் எண் எஃப் என்ற எழுத்தில் தொடங்குகிறது, அடுத்து 76, பிறகு நான்கு இலக்கங்கள். பொருள் என்ன?

பதில்: 1970களின் நடுப்பகுதியில் வந்த முறையின்படி முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. ஏ ஜனவரி என்றால் எஃப் ஜூன். ஆகவே 1976 ஜூன். மத்சுமொட்டோ நகரின் ஃபுஜிகென் ஆலையில் உருவான கிரெக்கோ கிடார்களிலும் இதே அமைப்பைக் காணலாம்.

கேள்வி: விற்பவர் இதை ‘வழக்குக் கிடார்’ என்று சொல்லி இருமடங்கு விலை கேட்கிறார். உண்மையா?

பதில்: 1977இல் அமெரிக்கக் கிடார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனெஸ் கிடார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது, கிப்சன் தலைப்பகுதியின் வடிவத்தை நகலெடுத்ததாக வழக்குத் தொடுத்தது, அது சமரசத்தில் முடிந்தது. வழக்கு நடந்தது இவ்வளவுதான். டொக்காய், பர்னி, கிரெக்கோ என்று 1970களின் ஒவ்வொரு நகலுக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவது விலையை ஏற்றும் உத்தியே தவிர வரலாறு அல்ல. அந்தக் கருவிகளில் பல, தம் வேலைப்பாட்டினாலேயே மதிப்புப் பெறத் தக்கவை. பொய்ப் பட்டம் அவற்றுக்குத் தேவையில்லை.

கேள்வி: கிப்சனின் லெஸ் பால் மாடல் வடிவக் கிடாரின் மேற்பலகையைத் தட்டினால் உள்ளே வெற்றிடம்போல் ஒலிக்கிறது. உடைந்திருக்கிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1970களின் தொடக்க நகல்கள் பலவற்றில், வளைத்து அழுத்திய ஒட்டுப்பலகையை மேலே ஒட்டினார்கள். வளைவுக்கு அடியில் காற்றிடம் தங்கிவிட்டது. கழுத்தும் திருகால் பிணைத்ததாக இருந்தால், காலத்தைக் கணிக்க இதுவே நல்ல அடையாளம்.

கேள்வி: ஜே.வி. என்று தொடங்கும் எண் கொண்ட ஃபெண்டரை வாங்கலாமா?

பதில்: அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஜப்பானியக் கிளையான ஃபெண்டர் ஜப்பான் 1982இல் தொடங்கியபோது வந்த முதல் வரிசை அது, தரம் உயர்ந்தது. ஆனால் எண் பொறித்த தகட்டை எந்தக் கிடாரிலும் மாற்றிப் பொருத்திவிட முடியும் என்பதால், கழுத்தின் அடிப்பகுதியைப் பார்க்க அனுமதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: பழைய பிக்கப்பிலிருந்து ஒலி வரவில்லை. புதியதை மாட்டிவிடட்டுமா?

பதில்: முதலில் இணைப்புகளைப் பாருங்கள். ஆக்சைடு படிந்த சுவிட்சும் விட்டுப்போன ஈயப்பற்றும்தான் பல நேரங்களில் காரணம். மல்டிமீட்டரால் பிக்கப்பின் இரு கம்பிகளுக்கிடையே மின்தடையை அளந்து, அளவே காட்டாவிட்டால் மட்டுமே சுருள் அறுந்ததாகக் கொள்ளுங்கள். அறுந்த சுருளையும் திரும்பச் சுற்றலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றிய பாகத்தையும் அதன் திருகுகளையும் ஒரு பையில் போட்டு, அந்தப் பையைக் கிடாரின் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.