மனநலம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனச்சோர்வுக்கு எட்டு மாதமாக எஸ்சிடாலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறான். பெரிய மாற்றம் இல்லை. கொடைக்கானல் போதைக் காளான் ஒருமுறை சாப்பிட்டால் போதும், வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகத் துடிக்கிறான். அனுப்பலாமா?
- ஒரு சகோதரி, தண்டையார்பேட்டை

பதில்: அனுப்பாதீர்கள். ஆனால் எல்லாம் கட்டுக்கதை என்று தம்பியிடம் வாதாட வேண்டாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதையும் மறுத்தால் உங்கள் மற்ற பேச்சும் எடுபடாது.

அந்தக் காளானில் உள்ள பொருள் சைலோசைபின். மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேரிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. 25 மி.கி. ஒரே ஒரு தடவை பெற்றவர்களில் 37 சதவீதத்தினருக்கு மூன்றாம் வாரத்தில் நோயின் கடுமை பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் 1 மி.கி. பெற்றவர்களில் அது 18 சதவீதம். பன்னிரண்டாம் வாரம்வரை பலன் நீடித்தது 25 மி.கி. குழுவில் 20 சதவீதத்தினருக்கே. சிலருக்குத் தற்கொலை எண்ணமும் வந்தது.

அங்கே எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு (மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களை முதலிலேயே விலக்கினார்கள். பழைய மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மருந்து வேலை செய்யும் ஆறு முதல் எட்டு மணி நேரமும் பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தார். முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசினார்கள். மலையில் பறித்த காளானில் எத்தனை மி.கி. என்று யாராலும் சொல்ல முடியாது; ஈரலையே அழிக்கும் விஷக் காளான்களும் அதேபோல் இருக்கும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் இந்தக் காளானைத் தின்றால் வலிப்பு வரலாம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி கையில் வைத்திருப்பதே குற்றம்.

எஸ்சிடாலோபிராமைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, தூக்கமின்மை வரலாம். சோர்வும் திரும்பலாம்.

எனக்கு உறுத்துவது அந்த 10 மி.கி.தான். அது ஆரம்ப அளவு. 20 வரை உயர்த்தலாம். பலன் குறைவாக இருந்தும் எட்டு மாதம் அதிலேயே விட்டிருக்கக் கூடாது. மாத்திரையைத் தினமும் போடுகிறாரா, மது குடிக்கிறாரா, தைராய்டு பார்த்தீர்களா? இரண்டு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் ஓடிய நாட்கள் எப்போதாவது உண்டா? இருந்தால் இது இருதுருவக் கோளாறின் சோர்வாக இருக்கலாம், சிகிச்சையே வேறு. பழைய சீட்டுகளோடு காலையிலேயே ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போடுங்கள். இரண்டு மருந்துகள் சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் கேட்காவிட்டால்தான் 'மருந்துக்கு மசியாதது' என்போம்.

கேள்வி: அம்மாவின் மனச்சோர்வுக்குக் கெட்டமின் ஏற்றலாம் என்கிறார் டாக்டர். அது போதை மருந்தாயிற்றே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: அறுவை சிகிச்சையில் மயக்கம் கொடுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் மருந்து அது. மனச்சோர்வுக்குச் சிறிய அளவே போதும்: கிலோவுக்கு 0.5 மி.கி., அதாவது 60 கிலோ எடைக்கு 30 மி.கி., 40 நிமிடத்தில் நரம்பு வழியாக. வழக்கமாக வாரம் இரண்டு தடவை, மொத்தம் நான்கிலிருந்து ஆறு. சில மணி நேரத்திலேயே மனம் லேசாகலாம். ஒரு தடவையோடு விட்டால் சில நாட்களில் பலன் கரையும்; அதனால் வழக்கமான மாத்திரையும் தொடர வேண்டும்.

ஏற்றும்போது ரத்த அழுத்தம் எகிறும், உடம்பை விட்டு விலகி நிற்பதுபோல் இருக்கும், குமட்டும். அம்மாவுக்கு பி.பி., இதய நோய் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மானிட்டர் இல்லாத இடத்தில் சம்மதிக்காதீர்கள். முடிந்ததும் இரண்டு மணி நேரமாவது அங்கேயே இருக்கட்டும்; வீட்டுக்கு ஆட்டோவில், துணையோடு. அடிக்கடி, நீண்ட நாள் எடுத்தால் சிறுநீர்ப்பை கெடலாம்.

கேள்வி: நண்பன் ஏதோ போதை 'ஸ்டாம்ப்' நாக்கில் வைத்துக்கொண்டு பயந்து நடுங்குகிறான். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தனியாக விடாதீர்கள். மொட்டை மாடி, சாலை பக்கம் போக விடாதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்கார வைத்து, "மருந்தின் வேலை இது, இறங்கிவிடும்" என்று மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஸ்டாம்பில் இருப்பது எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் என்றால் பன்னிரண்டு மணி நேரம்கூட நீடிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்தால் இறங்காது. உடம்பு கொதித்தாலோ, வலிப்பு, நெஞ்சுவலி வந்தாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் முரண்டு பிடித்தாலோ 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறுநாளும் காதில் குரல் கேட்டால், சந்தேகம் தெளியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அன்றே கூட்டிப்போங்கள். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.