தோற்றாலும் கவலையில்லாதவர்கள் தீர்மானித்த ராத்திரி: பேஸ்பால் கேள்வி-பதில்

செப்டம்பர் கடைசி வாரம் நெருங்கினாலே பேஸ்பால் கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் 2011 செப்டம்பர் 28 பற்றியவை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசனின் கடைசி நாள், புதன்கிழமை. அதனால் முதலில் அந்த நாளைப் பார்த்துவிடுவோம்.

அன்றைக்கு என்னதான் நடந்தது? வீடியோவில் துண்டு துண்டாகப் பார்த்ததில் ஒன்றும் பிடிபடவில்லை.

காலையில் நிலவரம் இது. மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஒரே ஒரு வைல்ட் கார்ட் இடம் மிச்சம். டிவிஷனில், அதாவது லீக்கின் உட்பிரிவில், முதலிடம் கிடைக்காத அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையும் வழி அது. அதற்கு பாஸ்டன் ரெட் சாக்ஸும் டாம்பா பே ரேஸும் 90 வெற்றி, 71 தோல்வி என்று சமமாக நின்றன. நேஷனல் லீக்கிலும் ஒரே இடம்தான். அங்கே அட்லாண்டா பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் இரண்டும் 89-72. இந்த நான்கு அணிகளும் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு எதிரணிகளோடு ஆடின.

கார்டினல்ஸ் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது. ஹூஸ்டனில் முதல் இன்னிங்ஸிலேயே 5 ரன். கிறிஸ் கார்ப்பென்டர் ஆட்டம் முழுவதையும் தானே வீசி, 2 ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸை அடைவது) மட்டும் கொடுத்து, 8-0 என்று முடித்தார். பிறகு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அட்லாண்டா ஆட்டத்தை டிவியில் பார்த்தார்கள். அட்லாண்டாவில் பிரேவ்ஸ் 9ஆவது இன்னிங்ஸில் 3-2 முன்னிலை. அந்த சீசனில் 46 சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுப்பது) எடுத்திருந்த புதுமுகம் கிரெய்க் கிம்ப்ரல் வந்தார், அன்றைக்கு அவருக்குக் கட்டுப்பாடு கிடைக்கவில்லை, வாக் மேல் வாக் (நான்கு பந்து தவறாக வீசினால் பேட்டருக்கு முதல் பேஸ் இனாம்). எதிரணியான ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸின் சேஸ் அட்லி அடித்த சாக்ரிஃபைஸ் ஃபிளையில் (தூக்கி அடித்த பந்து பிடிபட்டாலும் பேஸில் இருந்த சக வீரர் ஓடி ரன் எடுப்பது) ஸ்கோர் சமம். 13ஆவது இன்னிங்ஸில் ஹன்டர் பென்ஸ் அடித்த ஒரு சப்பையான ஹிட்டில் ஃபில்லீஸ் 4-3 என ஜெயித்தது. பிரேவ்ஸ் வெளியே.

பால்டிமோரில் ஓரியோல்ஸுக்கு எதிராக ரெட் சாக்ஸ் 3-2 முன்னிலையில் இருந்தபோது 7ஆவது இன்னிங்ஸில் மழை. ஆட்டம் 1 மணி 26 நிமிடம் நின்றது. மழை ஆரம்பித்தபோது ஃபுளோரிடாவில் ரேஸ் 0-7 என்று யாங்கீஸிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தது. யாங்கீஸின் டெக்ஷேரா கிராண்ட் ஸ்லாமே (ஒரே அடியில் 4 ரன்) அடித்திருந்தார். மழை விட்டு பாஸ்டன் வீரர்கள் திரும்ப மைதானத்துக்கு வந்தபோது அங்கே ஸ்கோர் 7-7. ரேஸுக்கு 8ஆவது இன்னிங்ஸில் 6 ரன், அதில் இவான் லாங்கோரியாவின் 3 ரன் ஹோம் ரன் ஒன்று. 9ஆவதில் இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில், பேட்டிங் சராசரி (ஹிட்டை வாய்ப்பால் வகுத்தால் வருவது) 0.108 மட்டுமே வைத்திருந்த டான் ஜான்சன் பந்தை வலது மூலையில் வேலிக்கு அப்பால் தள்ளினார்.

இனி வருவதுதான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிற பகுதி. பால்டிமோரில் 9ஆவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஜோனதன் பாபெல்பன் முதல் இருவரையும் ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிட்டார். பேஸில் ஆள் இல்லை. அப்புறம் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் ஹிட்), நோலன் ரைமோல்ட் டபுள், ராபர்ட் ஆண்டினோ சிங்கிள். ஓரியோல்ஸ் 4, ரெட் சாக்ஸ் 3. மணி 12.02. ஃபுளோரிடா ஸ்கோர்போர்டில் அந்த முடிவு தெரிந்ததும் ரேஸ் ரசிகர்கள் கத்தித் தீர்த்தார்கள். 12.05க்கு லாங்கோரியா இடது மூலையில் தாழ்வான சுவரைத் தாண்டி அடித்தார். ரேஸ் 8, யாங்கீஸ் 7, 12 இன்னிங்ஸ். நம்ம ஊரில் அப்போது வியாழன் காலை 9.35. ஆபீஸுக்குக் கிளம்பும் நேரம் என்பதால் இங்கே நேரலையில் பார்த்தவர்கள் குறைவு.

2011 செப்டம்பர் தொடக்கத்தில் ரெட் சாக்ஸுக்கு ரேஸைவிட “9 கேம் முன்னிலை” என்கிறார்கள். புள்ளிப் பட்டியல் இல்லாமல் இதை எப்படிக் கணக்கிடுவது? அரை கேம் என்றெல்லாம் வேறு வருகிறதே?

வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 2011 செப்டம்பர் 4 காலையில் ரெட் சாக்ஸ் 84-54, ரேஸ் 75-63. வெற்றியில் 9, தோல்வியில் 9, ஆக 18. பாதி 9. இரு அணிகளும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை வேறுபட்டால் அரை வரும்.

கூடவே மேஜிக் நம்பரையும் பழகிக்கொள்ளுங்கள். சீசனின் 162 ஆட்டத்தோடு ஒன்றைக் கூட்டி, அந்த 163இலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் துரத்தும் அணியின் தோல்விகளையும் கழிக்க வேண்டும். அன்று காலை 163 - 84 - 63 = 16. ரெட் சாக்ஸ் வெற்றியும் ரேஸ் தோல்வியும் சேர்ந்து 16 ஆகிவிட்டால் கதை முடிந்தது. மிச்சம் இருந்ததோ ஆளுக்கு 24 ஆட்டம். ரெட் சாக்ஸ் பாதி ஜெயித்து ரேஸ் பாதி தோற்றிருந்தால்கூட 24 வந்திருக்கும். நடந்தது என்ன? ரெட் சாக்ஸ் வென்றது 6, ரேஸ் தோற்றது 8. கூட்டினால் 14. இரண்டு குறைந்தது.

நான் பட்டியலைப் பார்க்கும்போது கண் முதலில் போவது தோல்விக் கட்டத்துக்குத்தான். ஆடாத ஆட்டத்தை இனிமேல் ஜெயிக்கலாம். தோற்றதை ஒன்றும் செய்ய முடியாது.

யாங்கீஸ் 7-0லிருந்து தோற்றது என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது? பரம எதிரி பாஸ்டனைக் கவிழ்க்க வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்கள் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.

உங்கள் நண்பரிடம் 12ஆவது இன்னிங்ஸின் மேல்பாதியைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பேஸிலும் மூன்றாவது பேஸிலும் யாங்கீஸ் ஆட்கள், ஒரு அவுட்கூட இல்லை. ஹோர்ஹே பொசாடா அடித்த பந்து மூன்றாவது பேஸ் பக்கம் உருள, லாங்கோரியா அதை எடுத்து, பேஸுக்குத் திரும்ப ஓடிய கிரெக் கோல்சனைத் தொட்டு அவுட் ஆக்கினார். விட்டுக்கொடுக்க நினைக்கிறவர்கள் அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதை வழக்கமான யாங்கீஸ் என்றும் சொல்ல முடியாது. டிவிஷனை ஏற்கெனவே வென்றாகிவிட்டது, இரண்டு நாளில் பிளேஆஃப். மேலாளர் ஜோ ஜிரார்டி, ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்ச்சரான மரியானோ ரிவேராவைக் களத்தில் இறக்கவே இல்லை. செப்டம்பரில் அணிப் பட்டியலை 25இலிருந்து 40 வரை பெருக்கிக்கொள்ளலாம் என்பது அப்போதைய விதி. அதனால் மாற்றி மாற்றி அனுப்பப் பிட்ச்சர்களுக்குப் பஞ்சமில்லை. 8ஆவது இன்னிங்ஸில் ரேஸுக்கு முதலில் கிடைத்த ரன்கள் வாக், உடம்பில் பட்ட பந்து என்று இனாமாக வந்தவை. தன் அணியின் அடுத்த வாரத்தைப் பார்க்கிற மேலாளரை நான் குறை சொல்ல மாட்டேன். குறை, போட்டி அட்டவணையின் அமைப்பில் இருக்கிறது.

அந்த ராத்திரியை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். நான்கு ஆட்டங்களிலும் எதிரணிக்கு இழக்க எதுவும் இல்லை. ஆஸ்ட்ரோஸ் அன்று தோற்றது அந்த சீசனின் 106ஆவது தோல்வி. ஓரியோல்ஸ் 69-93 என்று தன் டிவிஷனில் கடைசி. ஃபில்லீஸும் யாங்கீஸும் முதலிடத்தை எப்போதோ உறுதிசெய்தவை. நான்கு பேரின் தலையெழுத்தை எழுதியது, தோற்றாலும் நிம்மதியாகத் தூங்கப் போகிற இந்த நான்கு அணிகள்தான். ஓரியோல்ஸ் கடைசிவரை மல்லுக்கட்டியது. ஃபில்லீஸ் 13 இன்னிங்ஸ் ஆடி வென்றது, அது கிளப் வரலாற்றிலேயே அதிகமான 102ஆவது வெற்றி. யாங்கீஸ் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்தது. மூன்றுமே விதிக்கு உட்பட்டவை. ஆனால் பாஸ்டன் ரசிகருக்கு அப்படித் தோன்றாது என்பதும் நியாயம்தான்.

ஆண்டினோ அடித்ததை ரெட் சாக்ஸின் கார்ல் கிராஃபர்ட் பிடித்திருக்க வேண்டாமா?

சறுக்கிக்கொண்டு வந்தார், பந்து கையுறையில் பட்டு நழுவியது. கடினமான வாய்ப்பு. பிடித்திருக்கலாம், பிடிக்காததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், அவர் முந்தைய சீசன் வரை ரேஸின் செல்லப்பிள்ளை. 7 ஆண்டுக்கு 14.2 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பாஸ்டன் வந்தவர். அவர் கையிலிருந்து நழுவிய பந்து பழைய அணிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அது போகட்டும். அந்த ஆட்டத்துக்கு முன்பு, 8 இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருந்த 77 ஆட்டங்களையும் ரெட் சாக்ஸ் அந்த சீசனில் வென்றிருந்தது. 78ஆவது அன்றைக்குக் கைவிட்டுப் போனது.

வறுத்த கோழியும் பீரும்தான் பாஸ்டனைக் கெடுத்தது என்கிறார்களே?

ஆட்டம் நடக்கும்போதே சில பிட்ச்சர்கள் உள்ளே உட்கார்ந்து கோழியும் பீரும் வீடியோ கேமுமாக இருந்தார்கள் என்று அக்டோபரில் பாஸ்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. ஊரே கொதித்தது. அதற்கு முன்பே, சீசன் முடிந்த கையோடு மேலாளர் டெர்ரி ஃபிரான்கோனா விலகிவிட்டார். பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் சிகாகோ கப்ஸுக்குப் போய், 2016இல் அங்கே கோப்பையும் வாங்கிக் கொடுத்தார்.

கோழி சுவையான காரணம், ஆனால் போதுமான காரணம் இல்லை. செப்டம்பரில் ரெட் சாக்ஸ் தொடக்கப் பிட்ச்சர்களின் ஈஆர்ஏ 7.08. அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக 7 ரன் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. ஏப்ரலிலும் இதே கோழியைத்தான் தின்றிருப்பார்கள்.

சமமாக முடிந்தால் நெட் ரன் ரேட் மாதிரி எதுவும் பார்க்க மாட்டார்களா?

மாட்டார்கள். 2021 வரை வழி எளிமையானது: வா, இன்னொரு ஆட்டம் ஆடு. 163ஆவது ஆட்டம் என்று அதற்குப் பெயர். 1978இல் பாஸ்டனும் யாங்கீஸும் அப்படி மோதி, பக்கி டென்ட் அடித்த ஹோம் ரன் பாஸ்டன்காரர்களுக்கு இன்றும் வலிக்கிறது. 2018இல் ஒரே நாளில் இரண்டு 163 நடந்தன. 2011இலும் ரேஸ் அந்த 12ஆவது இன்னிங்ஸில் தோற்றிருந்தால் மறுநாள் அதுதான் நடந்திருக்கும்.

2022இலிருந்து அது கிடையாது. முதலில் இருவரும் நேருக்கு நேர் ஆடியதில் யார் அதிகம் வென்றார்கள் என்று பார்க்கிறார்கள். காகிதத்தில் தீர்ந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பிளேஆஃப் நாட்காட்டி இவ்வளவு நெருக்கமாக ஆன பிறகு வேறு வழியும் தெரியவில்லை.

அதே நாளில் நியூயார்க் மெட்ஸின் ஹோசே ரெயெஸ் ஒரே ஒரு பந்து ஆடிவிட்டு வெளியேறி, லீக்கில் அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் வாங்கினார் என்பது உண்மையா?

கிட்டத்தட்ட. முதல் இன்னிங்ஸில் பன்ட் செய்து (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டி) ஒரு ஹிட் எடுத்தார், உடனே மாற்று ஓட்டக்காரர் வந்தார். சொந்த ஊர் மெட்ஸ் ரசிகர்களே கூச்சலிட்டார்கள். ராத்திரி, பட்டத்துக்குப் போட்டியிட்ட ரையன் பிரான் நான்கு வாய்ப்பிலும் ஹிட் எடுக்கவில்லை. முடிவு 0.337க்கு 0.332, பட்டம் ரெயெஸுக்கு.

இதைக் கேட்டதும் பழைய ஆட்கள் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸை இழுப்பார்கள், இழுக்கத்தான் வேண்டும். 1941, அதே செப்டம்பர் 28. காலையில் அவர் சராசரி 0.39955. முழுமையாக்கினால் 0.400. உட்கார்ந்திருந்தால் போதும். அவர் ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டமும் ஆடி, 8க்கு 6 ஹிட் அடித்து 0.406இல் முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ ஒருவரும் 0.400 தொடவில்லை.

ரெயெஸ் செய்தது தவறில்லை. ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் ஊ என்று கத்தியதும் தவறில்லை.

கடைசியில் கோப்பை யாருக்கு?

கார்டினல்ஸுக்கு. ஆகஸ்ட் 25 அன்று பிரேவ்ஸுக்குப் பத்தரை ஆட்டம் பின்னால் இருந்த அணி. பிரேவ்ஸை 13 இன்னிங்ஸ் போராடி வெளியேற்றி கார்டினல்ஸை உள்ளே விட்டது ஃபில்லீஸ். அடுத்த சுற்றிலேயே கார்டினல்ஸ் அதே ஃபில்லீஸைச் சந்தித்தது. ஐந்தாவது ஆட்டத்தில் பிட்ச்சர்களில் கார்ப்பென்டர், ஃபில்லீஸின் ராய் ஹாலடே என்று இரு மலைகள் மோத, 1-0 என்று ஃபில்லீஸ் கதை முடிந்தது. கடைசி அவுட்டில் ரையன் ஹவர்டின் குதிகால் தசைநார் வேறு அறுந்தது. அங்கிருந்து போய் இறுதித் தொடரில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்டத்தில் வென்றார்கள். ரேஸ் முதல் சுற்றிலேயே அதே ரேஞ்சர்ஸிடம் 1-3 என்று தோற்றது.

இன்றைய விதியில் அப்படி ஒரு ராத்திரி வருமா?

அதே அளவில் வராது. 2012இலேயே லீக்குக்கு இரண்டு வைல்ட் கார்ட் ஆகிவிட்டது. அந்த விதி ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நான்கு அணிகளும் உள்ளே போயிருக்கும், செப்டம்பர் 28 சாதாரண புதன்கிழமையாக இருந்திருக்கும். இப்போது லீக்குக்கு மூன்று. கடைசி நாள் ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்க வைக்கிறார்கள், அதனால் மற்ற முடிவைப் பார்த்துவிட்டு ஆடும் வசதி குறைந்துவிட்டது. நல்ல மாற்றம்.

சின்ன அளவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2025இல் கடைசி நாள், தேதியும் செப்டம்பர் 28. நேஷனல் லீக்கின் கடைசி இடத்துக்கு மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் சமம். நேருக்கு நேர் கணக்கில் ரெட்ஸ் 4-2 என்று மேலே. அன்றைக்கு ரெட்ஸ் மில்வாக்கியிடம் 4-2 என்று தோற்றது. மெட்ஸ் ஒரு ஆட்டம் ஜெயித்தால் போதும். எதிரணி மயாமி மார்லின்ஸ், பிளேஆஃபுக்கு ஏற்கெனவே வழியில்லாத அணி. மார்லின்ஸ் 4, மெட்ஸ் 0. இரண்டு பேரும் 83-79இல் முடிக்க, தோற்ற ரெட்ஸ் உள்ளே போனது.