அப்பாவும் மகனும் யாருக்குப் பயப்படுகிறார்கள்?

கேள்வி: என் கணவர் முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர், இடதுசாரித் தொழிற்சங்கக்காரர். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகனோ, போலீஸ், கோர்ட்டு, ராணுவம் தவிர அரசாங்கத்துக்கு வேறு வேலை கிடையாது, வரியே ஒரு பறிப்பு என்கிறான். ஓணத்துக்கு வந்தவன் சண்டை போட்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டான். இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: அன்புச் சகோதரி, மகன் பணத்திமிரில் பேசுவதாக உங்கள் கணவர் நினைத்திருப்பார். அப்படி இல்லை. உழைத்த பணத்தில் வரி வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று அமெரிக்க அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-லேயே எழுதினார். கட்டாய உழைப்பு நமக்குப் புதிதா? நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் கூலியில்லாமல் 'ஊழியம்' வாங்கியது அரசாங்கம்தானே. மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக நம் பாட்டிமார் பல்லாண்டு அடிபட்ட பிறகு, 1859-ல் அதை அனுமதித்து ஆணை போட்டதும் அதே அரசாங்கம். அந்த ஆணையிலும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை!

உங்கள் மகன் பயப்படுவது இந்த அரசாங்கத்துக்கு. கணவர் பயப்படுவது முதலாளிக்கு. தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டும் தொழிலாளி, தனியாளாக என்ன பேரம் பேச முடியும்? 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அன்றைக்கு இல்லாமல் இருந்திருந்தால் அவர் கை வெறுங்கைதான். இதில் நான் அவர் பக்கம்.

ஆனால் மலையோரத்தில் தனியார் காடுகள் சட்டத்துக்குள் வரும் நிலத்தில், தானே நட்ட ரப்பர் மரம் பால் வற்றிப்போனாலும் அனுமதி வாங்காமல் முறிக்க முடியாது. காடு காக்கச் சட்டம் வேண்டும், சரி. இரண்டு ஏக்கர்க்காரரை அதற்காக ஆபீஸ் ஆபீஸாக அலையவிடுவது அநியாயம். இதில் நான் மகன் பக்கம்.

'வீட்டில் அரசியல் பேசாதீர்கள்' என்று மட்டும் வாயடைக்காதீர்கள். அரசாங்கம் வேண்டுமா வேண்டாமா என்று மொத்தமாகப் பேசுவதால்தான் முட்டிக்கொள்கிறார்கள். இந்த மர அனுமதியைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கணவரின் சங்க அனுபவமும் மகனின் கோபமும் ஒரே மனுவில் சேரும். அப்புறம் இருவரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அனுப்புங்கள். 115 அடி உயரத்தில் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோக 1966-ல் அரசாங்கம் கட்டியது. இதை வேறு யார் கட்டியிருப்பார்கள் என்ற வாக்குவாதம் அங்கே நடந்துகொண்டே நடக்கட்டும்.

முதல் போனை உங்கள் கணவரே போடட்டும். அன்றைக்குப் பிள்ளை சாப்பிடாமல்தானே பஸ் ஏறியிருப்பான்? அதை விசாரித்தாலே போதும்.